பள்ளிக்கூடத்துக்கு எட்டு நிமிடம்

எங்கள் ஊராட்சியில் தண்ணீர் திறந்து விடுகிற வேலை எனக்கு. ஜெயங்கொண்டத்திலிருந்து ஆண்டிமடம் போகிற சாலையில் இறங்கி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் உள்ளே வந்தால் எங்கள் ஊர். மொத்தம் ஆறு தெரு. ஒவ்வொரு தெரு முனையிலும் தரையில் ஒரு சிமெண்டுக் குழி இருக்கும். அதற்குள் வால்வு. இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி வைத்திருக்கிறேன். அதைக் குழிக்குள் விட்டுத் திருப்பினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும். காலை ஐந்து மணிக்கு முதல் தெரு. தெருவுக்கு அரை மணி நேரம். ஆறாவது தெருவை மூடும்போது எட்டாகிவிடும்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் கூடின இடத்தில் பேச வராது. வால்வோடு பேச வேண்டியதில்லை என்பதால் இந்த வேலை எனக்குப் பிடித்தது. வருடத்தில் ஒரு சமயம்தான் சிரமம். மாசி, பங்குனியில் வீட்டு வரியும் தண்ணீர் வரியும் வசூல் செய்ய ஊராட்சிச் செயலர் வீடு வீடாகப் போவார். எங்கள் ஊரில் அவரை இன்றும் கிளார்க் என்றுதான் சொல்வார்கள். அவருக்குப் பின்னால் நான் சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். வரி கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. சாவி தெரிந்தால் போதும், உள்ளே போய்ப் பணம் எடுத்துக்கொண்டு வருவார்கள். இதுவரை ஒரு வீட்டையும் துண்டித்ததில்லை.

அப்படி நிற்கும்போது எல்லோருடைய குறையும் என் காதில் விழும். தெருவிளக்கு, சாக்கடை, நாய். கொஞ்ச வருடங்களாக எங்கள் நடுநிலைப்பள்ளியைப் பற்றிய குறையும் சேர்ந்துகொண்டது. ஊரில் பாதிப் பிள்ளைகள் வேன் ஏறி ஜெயங்கொண்டம் பக்கம் இங்கிலீஷ் மீடியம் போகிறார்கள். அந்த வீடுகளில் ரசீதை வாங்கும்போது கேட்பார்கள்.

"அந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிறதே அம்பது புள்ள. அதுக்கு வருஷா வருஷம் பெயிண்ட்டு எதுக்கு?"

"சுவத்துல யானை, ஒட்டகம்லாம் வரைஞ்சிருக்கீங்களே, அது யார் வூட்டுப் பணம்?"

கிளார்க் சிரித்துக்கொண்டே அடுத்த ரசீதை எழுதுவார்.

இதையெல்லாம் ஒழுங்காகக் கேட்கிறவர் ஒருவர்தான். ஆறாவது தெருவின் கடைசி வீடு. சிமெண்டு ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே பிட்டர் என்று கூப்பிடும். எனக்கு மாமா முறை. அவர் வீட்டுக்கு நாங்கள் வரி கேட்டுப் போக வேண்டியதில்லை. சித்திரை பிறந்ததும் அவரே ஆபீஸுக்கு வந்து முதல் ரசீதை வாங்கிவிடுவார். இருபது வருடத்து ரசீதுகளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். அவருடைய கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"என் பேரன் வேன்ல போறான். அந்த பீஸ் நான் கட்டுறேன். வூட்டு வரியும் நான்தான் கட்டுறேன். ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் நான் ஒருத்தனாய்யா?"

அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் அந்த ஐம்பது பிள்ளைகளில் ஒருத்தி என் மகள். அப்போது ஏழாவது படித்தாள்.

பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு கழிப்பறை கட்டியிருந்தார்கள். பளபளவென்று டைல்ஸ், வாசலில் கல்வெட்டு. மாடியில் ஐநூறு லிட்டர் கறுப்புத் தொட்டியும் வைத்தாயிற்று. கட்டி முடித்த கோடையிலேயே பள்ளியின் ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டது. தலைமை ஆசிரியை ஒன்றிய ஆபீஸுக்கு எழுதினார். கட்டடத்துக்குத்தான் எங்களிடம் பணம், தண்ணீருக்கு ஊராட்சியைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. ஊராட்சியில் கேட்டார். பள்ளிக்கூடக் கிணறு எங்கள் கணக்கில் வராது என்றார்கள். அந்த வருடம் ஊராட்சிப் பொது நிதியிலிருந்து பள்ளிக்குச் செலவானது வாசல் வளைவுக்கு. ஊர்ப் பெயரை மேலே எழுதி, இரண்டு பக்கமும் தூண் வைத்துக் கட்டினார்கள். கழிப்பறை பூட்டிக் கிடந்தது. அதன் சாவி தலைமை ஆசிரியையின் மேசை டிராயரில் இருந்தது.

சின்னப் பிள்ளைகள் பின்னால் இருந்த கருவேலம் புதருக்குப் போய் வந்தார்கள். என் மகள் அந்த வருடம்தான் வயதுக்கு வந்திருந்தாள். அவள் எங்கேயும் போகவில்லை. இது எனக்குத் தெரியாது. ஒரு நாள் காய்ச்சல், அடிவயிற்றில் வலி என்று ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நீர்த்தாரையில் கிருமி என்றார் டாக்டரம்மா.

"பாப்பா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிற?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். என் மனைவிதான் சொன்னாள்.

"காலையில குடிக்க மாட்டா டாக்டர். சாயங்காலம் வூட்டுக்கு வந்துதான் சொம்ப எடுப்பா. கேட்டா பள்ளிக்கூடத்துல போவ எடம் இல்லங்கறா."

டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் மாத்திரை எழுதினார்.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி, "ரெண்டு மாசத்துல இது ரெண்டாவது தடவ. இன்னொரு தடவ இப்புடி வந்துச்சுன்னா நிறுத்திடுவேன். படிச்சது போதும்" என்றாள். வேனில் அனுப்ப எங்களுக்கு வசதி இல்லை. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

பள்ளிக்கும் பழைய ஊராட்சி இணைப்பு ஒன்று உண்டு. ஆழ்துளைக் கிணறு போட்டபோது அதைக் கைவிட்டுவிட்டார்கள். மூன்றாவது தெரு முனையில், மண் மூடிய குழிக்குள் அதன் வால்வு இருந்தது எனக்கு மட்டும்தான் ஞாபகம். மறுநாளே மண்ணை அள்ளிவிட்டு, எண்ணெய் போட்டுச் சுற்றிப் பார்த்தேன். சுற்றியது. மாடித் தொட்டிக்குப் போகிற குழாயோடு பழைய குழாயை ஒரு முழம் பைப் போட்டு நானே இணைத்தேன். மற்ற தெருக்களெல்லாம் மூடியிருந்து, ஊருக்குத் தண்ணீர் தருகிற பெரிய டேங்க் நிறைந்திருக்கும்போது திறந்தால்தான் தண்ணீர் பள்ளி மாடிக்கு ஏறும். அதனால் ஐந்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது பள்ளிக்குத் திறந்துவிட்டு, டேங்குக்குத் திரும்பிப் போய் பிளீச்சிங் பவுடர் கரைத்துவிட்டு, வந்து மூடுவேன்.

மூன்றாம் நாள் தலைமை ஆசிரியையிடம் போய் நின்றேன். "மேல தொட்டியில தண்ணி இருக்குங்க டீச்சர். கக்கூச தொறந்து விடுங்க" என்றேன்.

எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. டிராயரைத் திறந்து சாவியை எடுத்தார்.

முறைப்படி செய்வதென்றால் தலைவரிடம் சொல்லியிருக்க வேண்டும், கிளார்க்கிடம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். தொட்டிக்கு ஒரு மிதவை வால்வும் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். தொட்டி நிறைந்ததும் அதில் உள்ள பந்து மேலே எழும்பித் தண்ணீரை நிறுத்திவிடும். இருநூறு ரூபாய்ச் சாமான். ஆனால் அதைக் கேட்டால் எதற்கு என்பார்கள். எதற்கு என்று சொல்லப் போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எனக்கு அது வராது. கேட்காமலே விட்டுவிட்டேன். மகள் காலையில் ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

நாலு மாதம் இப்படி நடந்தது.

பங்குனியில், தண்ணீர் தினம் என்று ஒரு கிராம சபை கூட்டுவார்கள். அந்த வருடமும் ஊராட்சி ஆபீஸ் முன்னால் சாமியானா போட்டு, நாற்காலி போட்டிருந்தது. தலைவர் ஓர் அம்மா, பொறுமைசாலி. நான் வழக்கம்போல் கடைசியில், தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்றேன். கிளார்க் வரவு செலவு வாசித்தார். பள்ளி வளைவுக்கான தொகை வந்ததும் பிட்டர் மாமா எழுந்தார்.

"இரு இரு. அந்த வளைவு எதுக்கு?"

"பள்ளிக்கூடத்துக்கு ஒரு முகப்பு வேணும்ல, அதுக்குத்தான்" என்றார் கிளார்க்.

"அம்மாம் ஒசரத்துக்கா? யானை உள்ள போவுதா?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தார்.

"அதக் கூட வுடு. கார்த்திகையிலேருந்து எங்க தெருவுக்குத் தண்ணி அரை மணி வரல. இருபது நிமிஷம், இருபத்திரண்டு நிமிஷம், அதுக்கு மேல நூலாட்டம் வருது. தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன். டேங்க்லேருந்து தண்ணி எங்கயோ போவுது. எங்கன்னு தேடுனேன். ஊரே காஞ்சு கெடக்கு. பள்ளிக்கூட கக்கூசுக்குப் பின்னால மட்டும் பொன்னாங்கண்ணி தழதழன்னு நிக்குது. ரெண்டு ஆடு படுத்துக்கிட்டு மேயுது."

நான் பிளீச்சிங் பவுடர் கரைக்கிற நேரத்தில் தொட்டி நிறைந்து, பின்பக்கமாக வழிந்திருக்கிறது. பள்ளியின் பின்பக்கம் நான் ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை. நாலு மாதம் வழிந்திருக்கிறது.

"மோட்டார் வச்சு உறிஞ்சுறாங்கய்யா" என்று யாரோ சொன்னார்கள்.

"யாரு, டீச்சரா?"

"பின்ன, ஒட்டகமா வந்து உறிஞ்சும்?"

மெயின் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது எங்கள் ஊரில் பெரிய குற்றம். அபராதம் போட்டு, மோட்டாரையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவோம். எல்லோரும் முன் வரிசையில் இருந்த தலைமை ஆசிரியையைப் பார்த்தார்கள். அவர் வெளியூர். விக்கிரமங்கலம் பக்கத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருகிறவர். எழுந்து, "நாங்க மோட்டார் எதுவும் வைக்கலங்க" என்றார். அதோடு உட்கார்ந்துகொண்டார். என் பக்கம் அவர் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ.

"நான்தாங்க தொறந்து வுடுறேன்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த ஒருவர்தான் திரும்பிப் பார்த்து, "என்னமோ சொல்றாருப்பா, கேளுங்க" என்று கத்தினார். இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது. அது முதல் தடவையைவிடச் சிரமமாக இருந்தது.

"பழைய வால்வு ஒண்ணு இருக்குங்க. கால் மணி நேரம் தொறந்து வுடுறேன். டீச்சருக்குத் தெரியாது. பொம்பளப் புள்ளைங்களுக்குக் கக்கூசுல தண்ணி இல்லங்க."

பிட்டர் மாமா என் பக்கம் திரும்பினார்.

"நீயா? வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன். தொட்டி எத்தன லிட்டரு?"

"ஐநூறு, மாமா."

"ஐநூறு ரொம்ப எத்தன நிமிஷம் ஆவும்?"

"பாத்தது இல்ல."

"இன்ச் பைப்பு, டேங்க் ரொம்பி இருக்கயில ஏழு எட்டு நிமிஷம். மிச்சம் ஏழு நிமிஷம் பொன்னாங்கண்ணிக்கு. ப்ளோட் வால்வு ஏன் போடல?"

கேட்டுவிட்டு அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"வளைவுக்குத் தூணு ரெண்டு வச்சிருக்கானுவ. தொட்டிக்கு ஒரு வால்வு இல்ல. இதத்தான் இருபது வருஷமா கேக்குறேன். எங்க வரியக் குடுக்க மாட்டோம்னா சொன்னோம்? குடுத்த பணம் ஒழுங்கா போவட்டுங்கறோம்."

"வால்வ அடைச்சுடுங்கப்பா" என்றது ஒரு குரல். ஆறாவது தெருப் பெண் ஒருத்தி எழுந்தாள். "எங்க தெருவுக்குத்தான் தண்ணி கொறையுது. ஆனா எம் பொண்ணும் அங்கதான் படிக்குது. அடைச்சுட்டு அவளக் கருவேலங்காட்டுக்கு அனுப்பவா? உங்க பொண்ண அனுப்புவீங்களா?" என்று கேட்டாள். அந்தக் குரல் பிறகு எழும்பவில்லை.

தலைவரம்மா கடைசியில் தீர்மானம் எழுதச் சொன்னார். பள்ளியையும் ஒரு தெருவாக முறையில் சேர்ப்பது. பிட்டர் மாமா ஒரு நிபந்தனை போட்டார். பள்ளி வரி கட்டுவதில்லை. வரி கட்டுகிற ஆறு தெருவும் முடிந்த பிறகுதான் ஏழாவதாகப் பள்ளி. சரிதானே என்று எல்லோரும் கைதட்டிவிட்டுக் கை தூக்கினார்கள். கிளார்க் எழுதினார். கையெழுத்துப் போட நோட்டு சுற்றி வந்தது.

கடைசியில் திறந்தால் பள்ளி மாடிக்குத் தண்ணீர் ஏறாது. ஆறு தெருவும் முடிந்தபின் டேங்கில் அடித்தண்ணீர்தான் கிடக்கும். அது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் பேச எனக்குத் தெம்பு இல்லை. நானும் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் எட்டு மணிக்குப் பள்ளிக்குத் திறந்தேன். அடியில் உள்ள குழாயில் சொட்டியது. மேலே ஒன்றும் ஏறவில்லை. அடுத்த நாளும் அப்படியே. கழிப்பறையை மறுபடி பூட்டிவிட்டார்கள். அதற்கடுத்த நாள் காலை நான் வால்வு வேலை முடித்து வந்தபோது மகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மனைவி சொம்பை நீட்டினாள். மகள் வாயை நனைத்துவிட்டு வைத்துவிட்டாள். மனைவி என்னைப் பார்த்தாள்.

அன்றே பிட்டர் மாமா வீட்டுக்குப் போனேன். வரி வசூலுக்கு இல்லாமல், சாவி இல்லாமல், நானாக ஒரு வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. அவர் வாசலில் மிக்சி ஜார் ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னடா?"

"கடைசியில வுட்டா ஏறாது மாமா."

"தெரியும்ல உனக்கு? அப்பறம் எதுக்குக் கையெழுத்துப் போட்ட?"

"நீங்களும்தான் பிட்டரு. உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டேன். எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவர் ஜாரைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "கூட்டத்துல கை தட்டுனானுவ. அதுல மறந்துட்டேன்" என்றார். பிறகு, "ஒம் பொண்ணு அங்கதான படிக்கிறா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போனதையும் சொன்னேன். பேசப் பேச அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்குரூகளை ஒரு மூடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் ஐந்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது மூன்றாவது தெரு முனையில் டார்ச்சோடு நின்றார். சைக்கிள் கேரியரில் ஏணி கட்டியிருந்தது. பள்ளி மாடியில் ஏறி, தன் இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த மிதவை வால்வைத் தொட்டியில் பொருத்தினார். கீழே இருந்து நான் டார்ச் அடித்தேன். "மேல அடி. என் மூஞ்சில ஏன் அடிக்கிற?" என்று மூன்று தடவை திட்டினார். பிறகு நான் தெரு முனைக்குப் போய் வால்வைத் திறந்துவிட்டு வந்தேன். அவர் செல்போனில் நேரம் பார்த்தார். எட்டாவது நிமிடம் மேலே சத்தம் நின்றது. பின்பக்கம் போய்ப் பார்த்தோம். ஒரு சொட்டு வழியவில்லை.

"எட்டு நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் தொறந்து வச்ச, நானே வந்து உன் சாவியப் புடுங்குவேன்."

"தீர்மானத்துல ஏழாவதுன்னு எழுதியிருக்கே மாமா?"

"அத அடுத்த சபையில திருத்தச் சொல்லிக்கலாம். எங்க தெருவுக்கு இன்னிக்கு எத்தன நிமிஷம் வருதுன்னு பாப்போம்."

அன்று அவர் தெருவுக்கு இருபத்தாறு நிமிடம் வந்தது. அந்த நாலு நிமிடத்துக்காக ஒரு வாரம் தினமும் என்னோடு நின்று, மற்ற தெருக் குழிகளில் கசிந்த இரண்டு வால்வுகளுக்குக் கயிறு சுற்றி இறுக்கினார். முப்பது நிமிடம் முழுசாக வந்த அன்று குறிப்பேட்டில் அடிக்கோடு போட்டார்.

அடுத்த சபையில் தீர்மானத்தைத் திருத்தினார்கள். பள்ளி முதல் முறை, எட்டு நிமிடம். வளைவுக்கான செலவு மறுபடி எழுந்தது, மறுபடி பதில் இல்லை. மிதவை வால்வுக்கு இருநூற்றுப் பத்து ரூபாய் என்று மாமா தன் கையாலேயே ஒரு பில் எழுதிக் கொடுத்தார். பழைய வால்வு என்றாலும் விலை விலைதான் என்றார். கடை ரசீது இல்லாமல் பொது நிதியில் தர முடியாது என்றார் கிளார்க். ஒவ்வொரு சபையிலும் அந்தப் பில்லை எடுத்து நீட்டினார். போன சித்திரையில் வரி கட்ட வந்தபோதுகூட, "அந்த இருநூத்திப் பத்தக் கழிச்சுக்கிட்டு ரசீது போடு" என்றார். "கழிக்க முடியாது சார்" என்றார் கிளார்க். முழுத் தொகையும் கட்டி, ரசீதை உறைக்குள் வைத்துக்கொண்டு, பில்லையும் அதோடு வைத்துக்கொண்டு போனார்.

சுவரில் யானையும் ஒட்டகமும் இருக்கின்றன. போன வருடம் பெயிண்ட் அடிக்கவில்லை. பொன்னாங்கண்ணி காய்ந்துவிட்டது.

மகள் எட்டாவது முடித்து, இப்போது ஆண்டிமடம் பள்ளிக்கு பஸ்ஸில் போகிறாள். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைப்பது என் வேலை. சாயங்காலம் அவள் பையை வைத்ததும் அந்தப் பாட்டிலை எடுத்துப் பார்ப்பேன். காலியாகத்தான் வருகிறது.